திருவொற்றியூர் டு பாரிஸ்: கியரா, சிங்கிள் ஸ்பீடா?

நான்கு வருடத்தில் மூன்று சைக்கிள் மாற்றியவன் பேச்சை எவ்வளவு நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். மூன்றையும் ஒரே ரூட்டில் ஒரே வேலைக்கு ஓட்டியிருக்கிறேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். வார நாட்களில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனை ஆபீஸுக்குப் போய்வர 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிறு விடியற்காலையில் நேப்பியர் பாலத்தில் சேர்கிற சைக்கிள் கூட்டத்தோடு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரைக்கும், சில வாரம் மாமல்லபுரத்துக்கும் போவேன். அந்தக் கூட்டம் சமதளத்தில் மணிக்கு 32 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காது. யாருக்காவது ரோஷம் வந்துவிட்டால் 38, 40. இரண்டுக்கும் ஒரே சைக்கிள்தான், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்னொன்றுக்கு இடமில்லை.

சென்னையில் மேடு ஏறக் கியர் தேவையா என்ற பட்டிமன்றத்துக்குள் போகவில்லை. ஊர் தட்டை. மேடு என்றால் மேம்பாலம்தான், அதை எந்த சைக்கிளிலும் ஏறிவிடலாம். ஃபிக்ஸட் கியரும் வேண்டாம். பக்கத்தில் கன்டெய்னர் லாரி உறுமும்போது காலை நிறுத்த முடியாத சைக்கிளில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. கூட்டத்தில் ஒட்டி ஓட்டும்போதும் பின்னால் வருகிறவர்களுக்கு அது தலைவலி. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிற ஃப்ரீவீல், முன்னும் பின்னும் பிரேக், அவ்வளவுதான்.

முதலில் வாங்கியது எட்டு கியர் ஹைபிரிட். ஓட்ட அருமையான வண்டி, பொய் சொல்லக்கூடாது. எதிர்காற்றில் ஒரு பல் இறக்கிக்கொள்ளலாம், கூட்டம் பறந்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஞாயிறு ரைடு மட்டும்தான் என்றால் இன்றைக்கும் அதைத்தான் வைத்திருப்பேன். விற்கும்போதும் கியர் வண்டிக்குத்தான் மதிப்பு. போட்டோ போட்ட இரண்டாம் நாளே ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனார். பின்னால் ஒரே பல்சக்கரம் உள்ள சிங்கிள் ஸ்பீடை விற்கப் போனால், "கியர் இல்லையா? அப்ப எதுக்கு இவ்ளோ விலை?" என்றுதான் கேட்பார்கள். அந்த நஷ்டத்துக்குத் தயாராக இருங்கள்.

பிறகு ஏன் விற்றேன்? செயின்.

கடலுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் உரிந்துவிடும், கேஸ் அடுப்பின் கால்கூடத் துருப்பிடிக்கும். காற்றிலேயே உப்பு. காசிமேடு வழியாகப் போனால், மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, முன் டயர் அதை வாரி நேராகச் செயின் மேல் அடிக்கும். அதோடு எண்ணூர் பக்கமிருந்து வருகிற லாரிகளின் நிலக்கரித் தூள். உப்பு, கரி, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் கருப்பு மை மாதிரி ஒரு பசை. பேன்ட்டில் பட்டால் போகாது.

இந்தப் பசை கியர் வண்டியில் ஒளிந்துகொள்ள எத்தனை இடம் பாருங்கள். பின்னால் எட்டுப் பல்சக்கரம், அவற்றுக்கு நடுவே ஏழு இடுக்கு, கீழே செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்கள், கேபிள் ஓடுகிற குழாய். ஒழுங்காகத் துடைக்க ஒரு மணி நேரம் ஆகும். வாரா வாரம் எவனால் முடியும்? இரண்டு வாரம் விட்டால் செயினில் ஒரு கண்ணி இறுகிப்போகும்.

அங்கேதான் சூட்சுமம். கியர் வண்டியின் செயின் அந்தக் குட்டிச் சக்கரங்களுக்குள் நெளிந்து நெளிந்து போக வேண்டும். துருவால் இறுகிய கண்ணி அந்தச் சின்ன வளைவில் மடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒரு குதி, சில நேரம் பல்லே தாவும். சிங்கிள் ஸ்பீடில் செயின் இரண்டு பெரிய சக்கரங்களைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. கண்ணி கொஞ்சம் இறுகினாலும் முனகிக்கொண்டே ஓடிவிடும். என் அப்பா ஹெர்குலிஸில் ஹார்பர் வேலைக்குப் போய்வந்த காலத்தில் அந்தச் செயின் எப்போதும் பழுப்பு நிறம்தான். அது நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்று பார்க்கிங். பாரிமுனைச் சந்தில் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் நடுவே செருகித்தான் நிறுத்த வேண்டும். யாராவது தன் வண்டியை எடுக்கும்போது நம்முடையதைத் தள்ளுவார்கள். வலது பக்கம் சாய்ந்தால் டீரெய்லரைத் தாங்குகிற ஹேங்கர் வளையும். ஒரு வருடத்தில் எனக்கு இரண்டு முறை வளைந்தது. காலடிப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஊட்டுக்குள்ள வெச்சு அழகு பாக்குற சைக்கிளு. நம்ம காத்துக்கு ஆவாது."

அடுத்து ஆசைப்பட்டது பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள். 27 அங்குலச் சக்கரம், ஒல்லியான ஃபிரேம். கியரைக் கழற்றி எறிந்துவிட்டு சிங்கிள் ஸ்பீடாக்கினேன். பின் சக்கரம் மாட்டும் இடம் படுக்கைவாட்டில் நீளமாக இருந்ததால் செயினை இழுத்து டைட் வைக்க முடிந்தது. பழைய ஃபிரேம் வாங்குவதானால் முதலில் இதைப் பாருங்கள். அந்த வெட்டு நேர்கீழாக இருந்தால் செயினை இழுக்க வழியில்லை, செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக டென்ஷனர் மாட்ட வேண்டும், அப்புறம் அதுவும் துருப்பிடிக்கும். 27-க்கு நல்ல டயர் கிடைப்பதில்லை என்று, கொஞ்சம் சின்ன அளவான 700சி ரிம்முக்கு மாறினேன். ஆரத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் பிரேக் கட்டையைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

குலுக்கலை வாங்கிக்கொள்வதில் ஸ்டீலுக்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முடிந்து பெடல் அச்சைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து டீ டிகாஷன் மாதிரித் தண்ணீர் கொட்டியது. அலுமினிய சீட் போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. மழையில் நனைந்த அன்றே சீட்டை உருவி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால், கிரீஸ் தடவியிருந்தால், தப்பித்திருக்கலாம். ஒரே ஒரு பருவம் ஓட்டியவன் தீர்ப்புதான் இது. ஸ்டீலைப் பத்து வருடம் காப்பாற்றியவர்களும் இருப்பார்கள்.

கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்டீல் 'ஃபிக்ஸி' வண்டிகளை நண்பர்களிடம் வாங்கி ஓட்டியதோடு சரி. பார்க்க ஜோர். தூக்கிப் பார்த்தால் இரும்பு பீரோ. ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியில் வாங்கியது, இப்போது ஓட்டுவது: அலுமினிய ஃபிரேம், சிங்கிள் ஸ்பீடு, 32 மில்லிமீட்டர் அகல டயர் போக இடம், மட்கார்டு மாட்டத் துளை. பத்து கிலோவுக்குள்தான் எடை, மாடிப்படியில் ஒரு கையால் தூக்கலாம். ஃபிரேம் துருப்பிடிக்காது, போல்ட்டுகள் பிடிக்கும். எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன். டயர் 28. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வெடித்த லாரி டயர்களின் கம்பித் துணுக்கு ஊசி மாதிரிக் கிடக்கும், அதற்கு 32-ஆக இருந்தாலும் பஞ்சர்தான். அதனால் சக்கரத்தைக் கழற்ற 15 நம்பர் ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கும்.

பராமரிப்பு? சனிக்கிழமை சாயங்காலம் பழைய வேட்டித் துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னால் சுற்றுவேன், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மேலே வழிந்ததைத் துடைத்துவிடுவேன். பத்து நிமிடம். மாதம் ஒரு முறை ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளப்பேன். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதைவிட 1/16 அங்குலம் நீண்டால் செயினை மாற்றிவிட வேண்டும். 1/8 வரை விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். மாற்றுவதும் சுலபம். இந்த அகலச் செயினும் 18 பல் ஃப்ரீவீலும் நம் ஊர்ப் பழைய சைக்கிள்களுக்குப் போடுவதுதான், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். செயின் 300 ரூபாய்க்குள் முடிந்தது. எட்டு கியர் செயினுக்கு ஆயிரத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் வருடத்துக்கு இரண்டு.

சரி, 18 பல்லை வைத்துக்கொண்டு வேகக் கூட்டத்தோடு போக முடியுமா? முன்னால் எனக்கு 46 பல். 46/18-இல் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 20 கிலோமீட்டர், தண்டையார்பேட்டை சிக்னல்களுக்கு அது கனகச்சிதம். கூட்டத்தின் 32 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 97 சுற்று வேண்டும், 38 என்றால் 115-க்கு மேல். சீட்டில் பந்து மாதிரிக் குதிப்பேன். அதையே 46/16 ஆக்கினால் 32-க்கு 87 சுற்று, 38-க்கு 103. மூச்சு வாங்கும், ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போய்விடலாம். அதே 16-ஐ வார நாளில் வைத்தால் ஒவ்வொரு சிக்னலிலும் முட்டி கெஞ்சும்.

அதனால் பின் சக்கரத்தில், இரண்டு பக்கமும் ஃப்ரீவீல் மாட்டுகிற ஹப் (சக்கரத்தின் நடு உருளை) போட்டேன். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16. சனிக்கிழமை எண்ணெய் போடும்போதே சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிடுவேன். இரண்டு பல் வித்தியாசத்துக்கு அச்சு ஆறேழு மில்லிமீட்டர்தான் நகரும், அதே செயின் போதும்.

காற்றுக்கு மட்டும் இதில் பதில் இல்லை. மார்கழியில் வாடைக்காற்று மாமல்லபுரம் வரைக்கும் முதுகில் தள்ளிக்கொண்டு போகும். கியர் வைத்திருப்பவர்கள் 42-இல் பறப்பார்கள், நான் காலைச் சுழற்றிச் சுழற்றிப் பின்தங்குவேன். திரும்பும்போது அதே காற்று முகத்தில். 16 பல் கல்லாகக் கனக்கும், ஆனால் அப்போது எல்லோருமே 26-க்கு இறங்கிவிடுவதால் ஒட்டிக்கொள்ள முடிகிறது. ஐப்பசி அடைமழையில் சக்கரத்தைத் திருப்புவதே இல்லை. 18-லேயே விட்டுவிட்டு, கோவளத்தில் டீ குடிக்க நிற்கிற மெதுவான கூட்டத்தோடு போய்விடுகிறேன்.