லிலி மர்லேனா, 99 லுஃப்ட்பலோன்ஸா?

ஜெர்மன் பாட்டு எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டைத்தான் சொல்வேன். இரண்டிலும் போர் இருக்கிறது.

‘லிலி மர்லேன்’ முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஹான்ஸ் லைப் எழுதிய கவிதை. நோர்பர்ட் ஷுல்ட்சே இசையில் லாலே ஆண்டர்சன் 1939-இல் பாடினார். படைமுகாம் வாசல், ஒரு விளக்குக் கம்பம், காதலியைப் பிரிய மனமில்லாத சிப்பாய். கதை அவ்வளவுதான். 1941-இல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையின் கையிலிருந்த பெல்கிரேட் வானொலி இதை இரவுதோறும் ஒலிபரப்ப, எதிரணியிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் காதுகொடுத்துக் கேட்டார்கள். பகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் யாருக்குத்தான் பிடிக்காது?

நேனா குழுவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ வந்தது 1983-இல், பனிப்போர் அச்சத்தின் நடுவே. வானில் மிதக்கும் பலூன்களை ஆபத்து என்று நினைத்துப் போர் விமானங்களை அனுப்புகிறார்கள். அது பெரும்போராக மூள்கிறது. இசையோ ஆட வைக்கும் துள்ளல். கடைசியில் வேகம் தணிந்து, இடிபாடுகளுக்கு நடுவே கிடைத்த ஒரு பலூனைப் பாடகி பறக்கவிடும் இடம் மனதைப் பிசையும். ஜெர்மன் மொழியிலேயே இது அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது.

உற்சாகம் வேண்டுமென்றால் நேனா, சரி. என் ஓட்டு லிலி மர்லேனுக்குத்தான். லாலேயின் பழைய பதிவையே தேடிக் கேளுங்கள்.