தேத்தண்ணியோ, கோப்பியோ?

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், எங்கள் வீட்டில் இரண்டு கட்சி: அம்மா கோப்பி, ஐயா பால் விடாத தேத்தண்ணியான பிளேன்ரீ.

ஒரு கோப்பைக் கோப்பியில் சுமார் 95 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். தேத்தண்ணியில் அதில் பாதிதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை பிழையில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. ஆனால் உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் வேண்டும். பின்னேரம் 6 மணிக்குக் கோப்பி குடித்துவிட்டு, நித்திரை வரவில்லை என்று நுளம்பைத் திட்டுவதில் நியாயமில்லை. எங்கள் அம்மா இடிக்கும் தூளில் மல்லியும் வேர்க்கொம்பும் சரிபாதி என்பதால் அவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

ஈரல் விஷயத்தில் கோப்பிதான் முன்னுக்கு நிற்கிறது. சீனி வருத்தமும் ஈரல் சுருக்கமும் கோப்பி குடிப்பவர்களுக்குக் குறைவாக வருவதாக நீண்டகால ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. கோப்பிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அது வேறு கதை. ஒரு குறை: காகித வடியில் வடிக்காத கோப்பியில் கஃபெஸ்டோல் என்ற எண்ணெய்ப்பொருள் தங்கிவிடும், அது கெட்ட கொழுப்பைக் கூட்டும். கொதிக்கவிட்டு, மண்டி அடியில் இறங்கக் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்கவேண்டியது இதைத்தான்.

தேத்தண்ணியில் உள்ள தியானின் என்ற பொருள் கஃபீனின் படபடப்பைச் சற்று அடக்கும். இதயத்துக்கும் தேத்தண்ணி நல்லதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் குடிக்கும் நேரம் பிழை. முருங்கையிலை வறையோடு சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் பிளேன்ரீ! கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தேத்தண்ணியிலுள்ள பொலிஃபீனோல்கள் என்ற பொருட்கள் பிடித்துவைக்கும். கோப்பியும் அப்படித்தான், தேத்தண்ணி அளவுக்கு இல்லை. இரத்தம் குறைந்த பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடவேண்டும்.

தேத்தண்ணியின் மேலே மிதக்கும் ஏட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணியின் வேலை அது. பயப்படவேண்டியது சூட்டுக்கு. 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016இல் சொல்லியது.

என் தீர்ப்பு: காலையில் சீனி போடாத கோப்பி ஒன்று, பின்னேரம் 4 மணிக்குப் பிளேன்ரீ. பனங்கட்டி கடித்தால் சீனிக் கணக்கில் வராது என்கிறார் ஐயா. வரும். அவர் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இப்போது மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.