பழைய டைலைப் பெயர்க்கும் கருவிகள்: நீண்ட நாள் உழைப்பில் தேறியவை

வீட்டில் பழைய டைலை எடுக்க ஒரே ஒரு மின்கருவிதான் வாங்க முடியும் என்றால், மூன்று கிலோ எடை வகையிலுள்ள எஸ்டிஎஸ் பிளஸ் (உளியைச் சொருகிப் பூட்டும் சக்கு வகை) ரோட்டரி ஹேமரை வாங்குங்கள். ஒவ்வொரு அடியின் வலு 2.5 முதல் 3 ஜூல் (ஆற்றலின் அளவு) இருந்தால் போதும். சுழலாமல் கொத்த மட்டும் செய்யும் மூன்றாவது மோடு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண இம்பாக்ட் டிரில்லில் அந்த வசதி கிடையாது.

பலரும் மிஷினின் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் வேலையின் வேகம் உளியில் இருக்கிறது. 40 மி.மீ. அகலத்தில், முனை சற்று வளைந்த டைல் உளிதான் தரைக்கு ஏற்றது. கை உயரத்தில் இருக்க, முனை மட்டும் தாழ்ந்து டைலுக்கும் பசைக்கும் நடுவே நுழையும். சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. அதைவிட நிமிர்த்தினால் தரையில் குழி விழும். ரொம்பப் படுக்க வைத்தால் உளி மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். மிஷினை அழுத்தவே வேண்டாம். உள்ளே அடிப்பது காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன். மேலே சாய்ந்து அழுத்தினால் அடி குறைந்து சூடுதான் ஏறும்.

டைலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் டைலின் நடுவில் உடைத்துத் திறக்கலாம். விட்ரிஃபைட் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல் நீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, சிமென்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் வெறும் சிமென்ட் பாலில் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) ஒட்டியிருந்தால் முழுசாகவே கிளம்பி வரும். அதன் முதுகுப்புற வரிகள் கலவையில் அச்சடித்ததுபோல் அப்படியே பதிந்திருக்கும். டைல் பசையில் ஒட்டியது இப்படி வராது. சில்லு சில்லாக உடையும், 3 முதல் 6 மி.மீ. பசை தரையிலேயே தங்கிவிடும். அதைத் தேய்க்க ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ண வடிவச் சக்கரம்) வேண்டும்.

தேய்க்கும்போது கிளம்பும் தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். துணி மாஸ்க் பயன்படாது. குறைந்தது என்95 வேண்டும், கிரைண்டருக்குத் தூசி மூடியும் ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வேக்கமும் வேண்டும். மிகப் பழைய கட்டடத்தில் 9 அங்குல வினைல் டைலோ கறுப்புப் பசையோ தெரிந்தால், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் கை வைக்காதீர்கள்.

பக்கத்து டைலைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆஸிலேட்டிங் மல்டி டூலில் (பிளேடு வேகமாக அதிரும் சிறு மிஷின்) கார்பைட் பிளேடு மாட்டி, டைல் இடுக்கில் நிரப்பிய கிரவுட்டை முழுதாக எடுத்த பிறகே கொத்த வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் ஓரம் சிதறாது. சுவரில் மேலிருந்து கீழே வாருங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒயர் போகும் வாய்ப்பு அதிகம். அந்த சர்க்யூட்டின் எம்சிபியை அணைத்துவிட்டு, அங்கே ஒரு கிலோ சுத்தியலும் கை உளியும் மட்டுமே பிடியுங்கள்.

பெரிய பிரேக்கரை வீட்டுக்குள் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மாடித் தரையில் ஓட்டினால் கீழ்வீட்டு சீலிங் பூச்சு விரிசல் விடும். குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங்கும் குழாயும் போகும். தடித்த கான்கிரீட்டை உடைக்கத்தான் அது.

ரோட்டரி ஹேமர் நெடுநாள் உழைக்க, மிஷினுக்குள் நுழையும் உளியின் அடிக்கட்டையில் ஒவ்வொரு முறையும் துளி கிரீஸ் தடவுங்கள். சக்கின் ரப்பர் மூடியில் சேரும் தூசியைத் துடையுங்கள். ஓட்டும்போது விட்டு விட்டு நின்றால் கார்பன் பிரஷ்ஷை (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும், தேயும் கார்பன் கட்டை) கவனிக்க வேண்டும். மழுங்கிய உளியைச் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். முனை நீலமாக மாறினால் அதன் பதம் போய்விட்டது, அப்புறம் சீக்கிரமே மழுங்கும்.

குப்பையின் எடையையும் முன்பே கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 8 மி.மீ. டைல் 19 கிலோ, 25 மி.மீ. கலவை 50 கிலோ வரும். மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மாடியில் அறையின் நடுவே குவிக்காமல் அன்றன்றே இறக்கிவிடுங்கள்.