“நான் இருக்கிறேன்” பொத்தானும் ஒரு தலைமைப் பயிற்சியும்

தேவகோட்டைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாக மேற்பார்வையாளர் ஆகியிருக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள், “அக்கா, நீங்க முடிச்ச அந்த ஆன்லைன் லீடர்ஷிப் கோர்ஸ் இப்ப பாதி விலைக்குத் தர்றாங்களாம், சேரலாமா?” வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி, குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கேயே போட்டுவிடுகிறேன். எத்தனை பாடம், எப்படிப் பதிவு செய்வது என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நடத்துகிறவர்கள் பெயரும் வேண்டாம், இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் நல்லதைச் சொல்ல மனசு வராது.

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை மங்கி நடுவில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதில் “நான் இருக்கிறேன்” என்று எழுதியிருக்கும். அரை நிமிஷத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கவில்லையா, நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் என்று முடிவு கட்டி அந்தப் பாடத்தை முதலிலிருந்து ஓட்டும். ஓட்டித் தள்ளவும் விடாது. எப்போது வரும் என்று கணக்கும் கிடையாது, கந்துவட்டிக்காரன் மாதிரி நாம் அசந்த நேரம் பார்த்து வந்து நிற்கும். நோட்டில் குறிப்பு எழுதக் குனிந்தால் வரும். கூடப் படிக்கிறவர்களோடு ஒரு நல்ல பேச்சு கிளம்பும்போது வரும். அமுக்கினாலும் நிம்மதி இல்லை, அமுக்கியது அவர்கள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு.

எங்கள் அலுவலகம் காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டின் முகப்புப் பகுதி. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால் வருவார்கள். வாடகை குறைவு, சித்திரை வெயிலிலும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஜில்லென்று இருக்கும், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் இருக்கிறதே, அந்தக் காலத்தில் எதற்குப் பயந்து கட்டினார்களோ, எந்தக் கம்பெனி சிக்னலும் அதைத் தாண்டி உள்ளே வருவதில்லை. திண்ணைக்கு வந்தால்தான் இரண்டு கோடு காட்டும். ஆகவே கோர்ஸ் முழுக்கத் திண்ணையில்தான் நடந்தது, எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு போகும் டவுன் பஸ், பக்கத்தில் மிளகாய் காயப்போட வரும் ஆச்சி, “என்னத்தா, இன்னம் பாஸ் ஆகலியா?” என்ற விசாரிப்பு, இதற்கு நடுவில் அந்தப் பச்சைப் பொத்தான். ஒரு பாடம் இருக்கிறது, தலைப்பே “பணியாளர் மீது நம்பிக்கை வைத்தல்” என்று வரும். மற்ற எல்லாப் பாடத்தையும் விட அதில்தான் பொத்தான் அதிகம் வந்தது. நம்பிக்கையைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரியை நம்பவில்லை.

இனி நல்லது. இதிலும் கஞ்சத்தனம் பண்ணாமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோர்ஸிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு பழக்கம் இன்றுவரை எங்கள் அலுவலகத்தில் நிற்கிறது.

ஆல்ஃபிரட் கடூஷின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் சமூகப் பணி மேற்பார்வையை மூன்றாகப் பிரித்தார்: நிர்வாகம் செய்வது, சொல்லித் தருவது, தாங்கிப் பிடிப்பது. நம் ஊரில் மேற்பார்வை என்றால் முதலாவது மட்டும்தான். எத்தனை வீடு பார்த்தாய், அறிக்கை எங்கே, குழந்தையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்திய நேரம் என்ன, சிவகங்கை ரிவ்யூ மீட்டிங்குக்கு எண்ணிக்கை தயாரா. இரண்டாவது எப்போதாவது நடக்கும். மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பார்கள். கோர்ஸில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு பணியாளரோடு தனியாக, ரெஜிஸ்டர் இல்லாமல், போன் இல்லாமல் உட்கார வேண்டும். முதல் கேள்வி கேஸைப் பற்றி இருக்கக் கூடாது, போய்வந்த ஆளைப் பற்றி இருக்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம். பணியாளரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அதே மாதிரிதான் அவர் போய் அந்தக் குடும்பத்திடம் நடந்துகொள்வார் என்பது இதற்குப் பின்னால் உள்ள விளக்கம். நாம் அதட்டிக் கேட்டால் அவரும் அங்கே போய் அதட்டித்தான் கேட்பார்.

சனிக்கிழமை மூன்று மணி என்று வைத்தேன். வாரம் ஒருவர் முறை. ஆரம்பத்தில் எங்கள் பெண்களுக்கு இது தண்டனையோ என்று பயம். ஒருத்தி வரும்போதே எல்லா பைலையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்ல முடியும். இளைய பணியாளர் ஒருத்தி ஒரு வீட்டுக்குப் போய்வந்து ஒவ்வொரு முறையும் அறிக்கையில் ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தாள்: “குடும்பச் சூழல் திருப்திகரமாக உள்ளது.” அதே வரி, அதே கையெழுத்து. ரிவ்யூ மீட்டிங்கில் இது பிரச்சினையே இல்லை, கட்டம் நிறைந்துவிட்டது. சனிக்கிழமை அவள் முறை வந்தபோது, “அந்த வீட்டு வாசலுக்குப் போறப்ப உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம். சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்புறம், “அக்கா, அந்தப் புள்ளயோட சித்தப்பா நான் இருக்கற வரைக்கும் நிலைப்படியவிட்டு நகரவே மாட்டேங்கறாரு, அவ வாயே திறக்கறதில்ல” என்றாள். அந்த ஆளுக்கு ஊரில் செல்வாக்கு உண்டு, எழுத்தில் போட இவளுக்குப் பயம். எழுதாமல் விட்டதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மறு வாரமே வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்தில், டீச்சர் துணையோடு அந்தப் பெண்ணைப் பார்க்க வைத்தோம். அவளுக்கு வைகாசியில் கல்யாண முகூர்த்தம் குறித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பத்தாவது படிக்கிற பிள்ளை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ல் வந்தது, தமிழ்நாட்டில் தடுப்பு அதிகாரி மாவட்டச் சமூக நல அலுவலர், குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு அழைப்பு போதும், இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் விஷயம் தெரிந்தால்தானே கூப்பிடுவதற்கு? சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அந்த அறிக்கை அப்படியே திருப்திகரமாகப் போயிருக்கும்.

போக்சோ கேஸ், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகள், பார்க்கும் பணியாளர்களுக்கு இது இன்னும் முக்கியம். குழந்தை சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சட்டப்படி வெளியே யாரிடமும் சொல்லவும் கூடாது. கேட்டவருக்கும் அந்தக் காயம் ஒட்டும் என்பதைக் கோர்ஸில் விளக்கிய விதம் நிஜமாகவே அருமை. அந்தப் பாடத்தை நடத்திய அம்மா யாரோ, களத்தில் நின்றவர் என்பது குரலிலேயே தெரிந்தது. அவருக்கு ஒரு கும்பிடு.

சரி, திரும்பவும் குறைக்கு வருகிறேன். பாடத்தின் எலும்புக்கூடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே தேசியக் குழந்தைகள் நலப் பணியாளர் நிறுவனம் என்று ஒன்று 2008ல் தொடங்கப்பட்டது, 1912லிருந்து இருக்கும் அவர்களுடைய மத்திய அரசின் குழந்தைகள் பணியகம்தான் நிதி. குழந்தைகள் நல மேற்பார்வையாளர்களுக்கென்றே இணையவழித் தலைமைப் பயிற்சி ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. மாற்றத்தை நடத்துவது, சூழலைப் புரிந்து நடத்துவது, ஆட்களை நடத்துவது, பலன் காட்டுவது என்று நான்கு பக்கம் வைத்து அழகாகக் கட்டிய பாடத்திட்டம். நம்மவர்கள் அந்த நான்கையும் அப்படியே வைத்து, தமிழில் குரல் கொடுத்து, காசு வாங்குகிறார்கள். வாங்கட்டும், உழைப்பு இருக்கிறது. ஆனால் உதாரணங்களையாவது மாற்றியிருக்க வேண்டாமா? அங்கே ஒரு குழந்தை கடைசி 22 மாதத்தில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை நீக்க மனுப்போட வேண்டும் என்பது 1997ல் வந்த அவர்கள் சட்டம், அதற்கு விலக்குகளும் உண்டு. நல்லது. அதை வைத்துத் தேர்வில் எனக்கு ஏன் கேள்வி? எனக்குத் தெரிய வேண்டியது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையைக் குழு முன் ஆஜர்படுத்த உள்ள 24 மணி நேரம், 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை. இவை எதுவும் தேர்வில் வரவில்லை.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அந்த வீடியோக்களில் வருகிற குடும்பங்கள் மாதிரி இல்லை. அப்பா அம்மா இருவரும் சமையல் கோஷ்டியில் சேர்ந்து சென்னை, பெங்களூரு என்று கல்யாண சீசன் முழுக்கப் போய்விடுவார்கள், பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் தாய், கணவன் இல்லாதவர், “பிள்ளைய ஹோம்ல சேத்துருங்கம்மா” என்று தானே வந்து நிற்பார். இங்கே பாதி வேலை குழந்தையை வீட்டிலிருந்து எடுப்பதில் இல்லை, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு எழுதிப்போட்டு, பிள்ளையை வீட்டிலேயே இருக்க வைப்பதில் இருக்கிறது. கோர்ஸில் கொடுத்த படிவத்தில் அப்பத்தாவுக்குக் கட்டமே கிடையாது. பெற்றோர் உடன் இல்லை என்று குறித்தால் அடுத்த கட்டம் “மாற்று இடம்” என்று போய்விடுகிறது. ஒரு மேற்பார்வையாளருக்கு ஐந்து பணியாளர் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல லீக் சொல்லும் அளவையும் காட்டினார்கள், பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன். 1098 சேவை 2023லிருந்து அரசு கைக்குப் போய் அவசர உதவி எண் 112உடன் இணைந்ததும் பாடத்தில் இன்னும் ஏறவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் நிஜமான கோபம் வேறு.

கோர்ஸ் முடிந்ததும் யார் எத்தனை நிமிஷம் பார்த்தார்கள், எத்தனை முறை பொத்தான் அமுக்கினார்கள் என்று ஒரு அட்டவணை எங்கள் நிர்வாகத்துக்குப் போனது. பச்சை, மஞ்சள், சிவப்பு. கண்ணுக்குக் குளிர்ச்சியாக. சனிக்கிழமை ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, அந்த அட்டவணை மட்டும் பிடித்துப்போனது. இப்போது களப்பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இடக்குறியோடு போட்டோ எடுத்து ஒரு ஆப்பில் ஏற்ற வேண்டும். எடுக்காவிட்டால் போகவில்லை என்று அர்த்தம். குழந்தைத் திருமணம் நடக்கப்போகிற வீட்டு வாசலில் நின்று செல்போனைத் தூக்கினால் அப்புறம் உள்ளே யார் பேசுவார்கள்? அந்தச் சித்தப்பா என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தலைமைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அதில் சொல்லித் தந்ததை விட்டுவிட்டு, அதை ஓட்டிய மென்பொருளின் புத்தியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சூட்டில்தான் இப்போது சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. பழைய பாடங்களையே மறுபடி பார்க்க வேண்டுமாம், அதே பொத்தானோடு. நான் புதுப்பிக்கப் போவதில்லை.

ஆகவே தங்கச்சிக்கு என் பதில்: வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று கேட்பாய். ஆமாம், அப்படித்தான். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் சேரச் சொன்னாலும் சொல்வேன், இந்த வாரம் கேட்டாய், இந்த வாரத்துப் பதில் இது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வா, எங்கள் பெண்கள் சம்மதித்தால் கூட உட்கார்ந்து பார், காசு ஒன்றும் வேண்டாம். அதற்கு மேலும் சேர்ந்தே தீருவேன் என்றால் உன் நிர்வாகத்தைக் கட்டணம் கட்டச் சொல், அந்த அட்டவணை நிர்வாகத்துக்குப் போகாதபடி வைக்க முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கு. பதில் வந்தால் எனக்கும் அனுப்பு.