பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கை எதில் சேமிப்பது: ஐஎஸ்ஓ, பின்/க்யூ, சிஹெச்டி, பிபிபி

பழைய பிளேஸ்டேஷன் 1, சேட்டர்ன், மெகா சிடி கேம் டிஸ்க்குகளை எமுலேட்டருக்காக (பழைய கேம் கருவியைப் போல நடந்துகொண்டு அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்) டம்ப் எடுக்க, அதாவது ஃபைலாக நகலெடுக்க, உட்கார்ந்தால் நிறைய பேர் முதலில் தேடுவது ஐஎஸ்ஓவைத்தான். சிடி கேம்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சிடியில் ஒரு செக்டர் (டேட்டா எழுதப்படும் ஒரு துண்டு) 2352 பைட், ஐஎஸ்ஓ அதில் 2048-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பிளேஸ்டேஷன் 1 கேம்களில் வசனமும் வீடியோவோடு வரும் ஒலியும் பெரும்பாலும் எக்ஸ்ஏ என்ற ஆடியோ வடிவில், செக்டருக்கு 2324 பைட் என்று எழுதப்பட்டிருக்கும், அது வெட்டுப்பட்டுப் போகும். தனி ஆடியோ ட்ராக்காக இருக்கும் பின்னணி இசை ஐஎஸ்ஓவுக்குள் வரவே வராது. கேம் ஓடும், ஆனால் ஊமையாக ஓடும். அதைச் சேமித்தது என்று நான் சொல்லமாட்டேன்.

பின்/க்யூ அப்படியில்லை. 2352 பைட்டும் பின் ஃபைலில் வந்துவிடும், எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது என்பதை க்யூ என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல் சொல்லும். எடுத்த டம்ப்பின் ஹாஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ரீடம்ப் என்ற தளத்தில் உள்ள சரியான டம்ப்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பொருந்தினால் டிஸ்க் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். இடம்தான் நிறைய பிடிக்கும். அப்புறம், பின் ஃபைலின் பெயரை மாற்றினால் க்யூவுக்குள்ளும் மாற்ற வேண்டும். லிப்கிரிப்ட் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு உள்ள ஐரோப்பிய கேம்களுக்கு எஸ்பிஐ ஃபைலும் கூடவே வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதுகாப்புத் தகவல் இருப்பது சப்சேனலில் (செக்டரோடு கூடவே எழுதப்படும் தனித் தகவல்), அது பின் ஃபைலில் வராது.

நீண்ட காலம் வைத்திருக்க என் ஓட்டு சிஹெச்டிக்குத்தான். மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர் திட்டத்திலிருந்து வந்தது, டேட்டாவை எல்ஸெட்எம்ஏ போன்ற முறைகளிலும் ஆடியோவை ஃப்ளாக்கிலும் சுருக்குகிறது, ஒரு பைட் கூட இழக்காமல். எத்தனை ட்ராக் இருந்தாலும் ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஃபைல். உள்ளேயே எஸ்ஹெச்ஏ-1 ஹாஷ் இருப்பதால் பல வருடம் கழித்தும் சிஹெச்டிமேனில் (சிஹெச்டியை உருவாக்கவும் பிரிக்கவும் உதவும் கருவி) வெரிஃபை போட்டால் ஃபைல் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும், வெறும் பின் ஃபைலுக்குள் அப்படி ஹாஷ் இல்லை, தனியாகக் குறித்து வைத்த ஹாஷோடோ ரீடம்ப் பட்டியலோடோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய சிஹெச்டிமேன் திரும்பப் பிரிக்கும்போது எல்லா ட்ராக்கையும் ஒரே பின்னாகத் தரும், அதனால் ட்ராக் வாரியான ஹாஷோடு ஒத்துப்போகாது. புதிய பதிப்புகளில் தனித்தனியாகப் பிரிக்கவும் வழி இருக்கிறது.

பிபிபி, சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பிக்காக வந்த வடிவம். பல டிஸ்க் கேமை ஒரே ஃபைலில் போடலாம், விளையாட வசதிதான். ஆனால் மாற்றும்போது பல கருவிகள் ஆடியோ ட்ராக்கைத் தரம் குறைத்துச் சுருக்கிவிடும், அசலை மீட்கவே முடியாது. டிஸ்க் மாற்றும் வசதிதான் வேண்டுமென்றால் சிஹெச்டிகளின் பெயர்களை எம்3யூ என்ற சின்ன டெக்ஸ்ட் பட்டியலில் வரிசையாக எழுதினாலே போதும்.

பிளேஸ்டேஷன் 2 டிவிடிகள் வேறு கதை, அங்கே செக்டரே 2048 என்பதால் ஐஎஸ்ஓவில் ஒன்றும் போகாது. அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் மட்டும் சிடி, அதை பின்/க்யூவாகவே எடுங்கள். நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ கேம்களுக்கு டால்ஃபின் எமுலேட்டரின் ஆர்விஸெட் வடிவம்: நன்றாகச் சுருங்கும், அசல் ஐஎஸ்ஓவை அப்படியே திருப்பியும் தரும்.