14416: கஷ்டப்பட்டவரிடம் இந்த எண் என்ன பேசுகிறது?

டெல்டாவில் பயிர் மூழ்கிய வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர், "பட்டால்தான்யா உலகம் புரியும், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பார். வாசலைத் தாண்டியதும் அதே ஆள், "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று பெருமூச்சு விடுவார். மனநல உதவி தரும் ஒரு சேவையை நிறுத்துப் பார்க்க இதுவே நல்ல எடைக்கல். இரண்டில் எதை நம்பி அது நம்மிடம் பேசுகிறது? அப்படி நிறுத்துப் பார்த்தால், டெலி மானஸ் என்ற 14416-க்கு ஐந்துக்கு மூன்றரை தரலாம்.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416. எண்ணைப் போட்டதும் பதிவுக்குரல் மொழியைக் கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் வருவார். அவர் கையை மீறிய விஷயமென்றால் மனநல மருத்துவருக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்பிவைப்பார்.

பலர் சறுக்குவது முதல் இரண்டு நிமிடத்தில். நம் ஊரில் யாரும் "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "கை கால் அசதி", "ஒண்ணும் பிடிக்கல" என்றுதான் வரும். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பேச்சு உடம்பு வியாதிப் பக்கம் போய்விடும். எனவே போனை எடுக்குமுன் நான்கு விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்: என்ன, எந்தத் தேதியில் நடந்தது, எத்தனை நாளாகச் சரியான தூக்கமில்லை, சாப்பிடுகிற மாத்திரைகள், சுகர் பிரஷர் உட்பட, குடிப்பழக்கம் இருந்தால் நாளைக்கு எவ்வளவு. நாள் கணக்கு ரொம்ப முக்கியம். எதிலும் நாட்டமில்லாமல் நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது இரண்டு வாரத்தைத் தாண்டினால், அதை வெறும் வருத்தம் என்று மருத்துவர்கள் விடுவதில்லை. அடுத்த முறை பேசும்போது அதே ஆலோசகர் வருவார் என்று எண்ண வேண்டாம். பேசிய தேதியையும் அவர் சொன்னதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வைப்பது நல்லது.

வீட்டுக்கு ஒரே போன் என்றால் பெண்கள் பாடு திண்டாட்டம். கூடத்தில் உட்கார்ந்து இதைப் பேச முடியாது. கொல்லைப்பக்கமோ, களமோ, ஆள் இல்லாத நேரத்துப் படித்துறையோதான் இடம்.

இனி எடைக்கல்லுக்கு வருவோம். தூக்கம், சாப்பாடு, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதை முதலில் கேட்டுவிட்டு மற்றதைப் பிறகு பேசுவதே இந்தத் தொழிலின் முறை. "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்கும் ஆலோசகர் கிடைத்தால், தயங்காமல் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடலாம். தண்ணீர் வடியாத வயலில் யாரும் யூரியா வீசுவதில்லையே. முதலில் வடிகால், பிறகுதான் மேலுரம்.

கஷ்டம் புத்தியைத் தெளிய வைக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிரான வலுவான சான்று தமிழ்நாட்டு வயல்களிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடத்திய ஆய்வு 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நாளிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்கு யோசனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். பணமுடை இருந்தபோது எல்லாம் மெதுவாகவும் தப்பாகவும் வந்தது. ஆள் மாறவில்லை, அறிவும் குறையவில்லை. கடன் கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் மற்றதற்கு இடம் எங்கே? ஆகவே வெள்ளம் வடிந்த வாரத்தில் நிலத்தை விற்பது, பிள்ளையின் காலேஜை நிறுத்துவது, அடகு நகையை மூழ்கவிட்டுவிடுவது போன்ற முடிவுகளை எடுக்கவே கூடாது. தள்ளிப்போட முடிந்ததையெல்லாம் தள்ளிப்போட வேண்டும்.

மறுபக்கமும் முழுப் பொய்யல்ல. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்க்கையில் ஓரளவு அடிபட்டவர்கள் அடியே படாதவர்களைவிடவும், அடிமேல் அடி வாங்கியவர்களைவிடவும் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். "ஓரளவு" என்ற சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவதுதான் வழக்கம். துன்பத்துக்குப் பிந்தைய வளர்ச்சியை அளக்க 1996-ல் வந்த 21 கேள்விப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. உறவில் நெருக்கம், புது வழிகள், மனவலிமை, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை என்று ஐந்து பக்கம் பார்க்கும். அதில் நல்ல மதிப்பெண் எடுப்பவருக்கே இரவில் தூக்கம் இல்லாமலும் இருக்கலாம். வளர்ச்சியும் வலியும் ஒரே வீட்டில் குடியிருக்கும். "நல்லா தேறிட்டாரே" என்று ஊர் விட்டுவிடுகிற ஆளை ஆலோசகரும் விட்டுவிடக் கூடாது.

தேறுவது எத்தனை நாள் பிடிக்கும் என்பதற்குத் தென்னையே அளவு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகள் படுத்துவிட்டன. அரசு கொடுத்தது மரத்துக்கு 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. நெட்டை ரகம் மறுபடி நட்டுப் பலனுக்கு வர ஆறேழு வருஷம். இடையில் அந்தக் குடும்பம் எதைத் தின்றது என்பதைப் பொறுத்துத்தான் பக்குவம் வந்ததா, கசப்பு வந்ததா என்பது.

14416-இன் எல்லை இங்கே தெரிந்துவிடும். பாதி மனவேதனை பணவேதனை. பயிர்க் காப்பீட்டுக்கு எண் வேறு, 14447. இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒட்டுவது உத்தமம். காப்பீட்டில் சில இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். மனசு உடைந்து படுத்துக் கிடக்கும் மூன்று நாள்தான் அந்த 72 மணி நேரம்! அதனால் முதல் நாளே வீட்டில் தெம்பாக இருக்கும் ஒருவரிடம் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல்களைக் கொடுத்து அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட வேண்டும். மகசூல் இழப்பை ஊர் அளவில் அறுவடைச் சோதனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நம் வயல் பாழாகி ஊர்ச் சராசரி தப்பித்திருந்தால் காசு வராது. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். பட்டா வேறு பேரில் இருக்க, வேதனை மட்டும் இவர் பேரில். வேறு மாவட்டத்துக்காரர் போனை எடுத்தால் குறுவை, சம்பா, கோயில் நிலக் குத்தகை இதெல்லாம் விளக்கியே பத்து நிமிடம் ஓடிவிடும். அரை மதிப்பெண்ணைப் பிடித்தது இதற்காக. மீதி ஒரு மதிப்பெண்ணைப் பிடித்தது, கடனை ஆலோசனையால் அடைக்க முடியாது என்பதற்காக.

யாராவது விஷம் குடித்துவிட்டால் 14416-இல் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. நேரே 108. நஷ்டம் வந்த வீட்டில் பூச்சி மருந்தையும் எலி மருந்தையும் அன்றைக்கே வெளியே எடுத்துப் பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுத்துவிட வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இந்தப் போன் போதாது என்கிற சமயமும் உண்டு. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், நாலைந்து நாளாகச் சாப்பிடாமல் பேசாமல் இருப்பவரையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஏதாவது ஒன்றின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே அழைத்துப் போக வேண்டும், பழைய மருந்துச் சீட்டோடு. அடுத்தது பலர் கவனிக்காதது. நம் பக்கம் புயலும் கார்த்திகை மாலையும் ஒரே மாதத்தில் வருகின்றன. தினமும் நிறையக் குடித்தவர் நஷ்டத்துக்குப் பிறகு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். "அடிபட்டதும் புத்தி வந்துடுச்சு" என்று வீடு சந்தோஷப்படும். இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத ஆளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் அது சாமி வந்ததும் அல்ல, அதிர்ச்சியும் அல்ல. குடியை உடம்பு திடீரென்று இழந்ததால் வருவது, உயிருக்கே ஆபத்து. மாலையோடேயே ஆம்புலன்ஸில் ஏற்றலாம்.