கைப்பை நோட்டு: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

2018 ஜூனில் முதல் குட்டி நோட்டை வாங்கினேன். பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் சீப்பும் பேனாவும் விற்கிற கடையில், 12 ரூபாய். இப்போது கைப்பையில் இருப்பது 38ஆவது நோட்டு. இந்த ஏழு வருடத்தில் 17 சிறுகதைகளை முடித்து அனுப்பியிருக்கிறேன். 11 அச்சில் வந்திருக்கின்றன. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் நான் முடித்தது இரண்டே கதை. தலைக்குள் கதை வராமல் இருந்ததில்லை. வந்தது தங்கவில்லை, தங்கியது முடியவில்லை, அவ்வளவுதான்.

கதைக்குக் குறிப்பெடுக்க நான் பயன்படுத்துபவை மூன்று. உள்ளங்கையில் அடங்கும் கோடில்லாத நோட்டு, போனில் ஒலிப்பதிவு, வீட்டில் ஒரு செருப்புப் பெட்டியில் 3x5 அங்குல அட்டைகள்.

பேனாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் மூன்று வருடம் ஜெல் பேனாதான் வைத்திருந்தேன், எழுத இதமாக இருக்கும். 2021 நவம்பர் மழையில் கைப்பை முழுக்க நனைந்தது. பதினாறாவது நோட்டில் பாதிப் பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. இடையிடையே பென்சிலில் எழுதியவை மட்டும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து பென்சில், இல்லாவிட்டால் சாதாரண பால்பாயின்ட்.

எதைக் குறிப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் நீண்ட காலம் பிடித்தது. ஆரம்ப நோட்டுகளில் “கணவன் விட்டுப்போன பெண், கதை எழுதணும்”, “முதுமை, தனிமை, முக்கியம்” என்றெல்லாம் இருக்கின்றன. முக்கியம் என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு. அன்று எதைப் பார்த்து அப்படி எழுதினேன் என்று இன்றைக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு வரிகூடக் கதையாகவில்லை.

2019இல் ஒரு நாள் காலை எழும்பூர் போகும் மின்ரயிலில், பரங்கிமலை தாண்டியதும் பக்கத்தில் நின்ற பெண் போனில் சொன்னார்: “சாவி அங்கயே தொங்கட்டும். அவரு வந்தா தேட வேணாம்.” கிண்டி வருவதற்குள் எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது: “சாவி தொங்கட்டும். நீலப் பை. சாப்பாட்டுக் கூடையை மாற்றி மாற்றிப் பிடித்தார். சொல்லும்போது சிரித்தார்.” விஷயம் அதே கணவன் விட்டுப்போன பெண்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குறிப்பு பதினான்கு மாதம் கழித்துக் கதையானது. நான்கு முறை எழுதினேன். மூன்று முறையும் அந்தப் பெண்ணை அழவைத்தேன், கதை நிற்கவே இல்லை. பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் “சிரித்தார்” என்ற சொல் கண்ணில் பட்டது. நான்காவது பிரதியில் அவர் சிரிக்கிறார். கதை அதில்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு கருத்தைக் குறிப்பதையே நிறுத்திவிட்டேன். காதில் விழுந்த வாக்கியத்தை விழுந்தபடியே எழுதுகிறேன், கூடவே கண்ணில் பட்ட ஒரு பொருளையும். ராமானுஜன் நினைவுக்கு வருவார். காகிதத்துக்குச் செலவழிக்க முடியாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணங்களைத் திரட்டி அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் கொண்டுவந்த ஐந்து பாகங்கள் வெளியாகி முடிய 1985 முதல் 1998 வரை ஆயிற்று. ராமானுஜன் மேதை, முடிவை மட்டும் எழுதினாலும் பின்னால் வந்தவர்கள் வழியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். என்னைப் போன்றவர்கள் சிலேட்டில் இருந்ததையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒலிப்பதிவு, இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கைகொடுக்கிறது. சமையலறையில், மாடியில் துணி காயப்போடும்போது. பேசினால் போனே எழுத்தாக்கித் தரும் வசதியையும் ஒரு வருடம் பயன்படுத்திப் பார்த்தேன். கட்டுரைக்குப் பரவாயில்லை. ஆனால் பேச்சுவழக்கை எழுத்து வழக்குக்கு இழுத்துவிடுகிறது. “வந்துட்டுப் போயிட்டாக” என்று சொன்னால் வேறேதோ வந்து நிற்கும். கதைக்கு எனக்கு வேண்டியதே அந்த “போயிட்டாக”தான். ஆகவே குரலாகவே வைத்துக்கொள்கிறேன்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. அம்மா தன் கல்யாணத்துக்கு மாட்டுவண்டியில் போன கதையை அரை மணி நேரம் சொல்லியிருந்தார், போனில் பதிந்து வைத்திருந்தேன். திரை மாற்றக் கொடுத்த கடையில் எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி கேட்டபோது அம்மா சொன்னார், ஆனால் அது வேறு கதையாக இருந்தது, மாடுகளின் பெயர் அதில் வரவில்லை. இப்போது பதிவு செய்த அன்றிரவே கணினிக்கு மாற்றாமல் படுப்பதில்லை.

ஞாயிறு காலை காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம், அந்த வாரக் குறிப்புகளை அட்டைகளுக்கு மாற்றுவேன். ஒரு அட்டைக்கு ஒரு குறிப்பு. மறுபடி கையால் எழுதும்போதே பாதி உதிர்ந்துவிடும், எழுதக் கை வராததை விட்டுவிடுகிறேன். அட்டை முறைக்குப் பேர்போனவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன், ஏறக்குறைய 90,000 அட்டைகள் வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. நானும் நான்கு மாதம் எண் போட்டேன். அவர் எழுதிய கோட்பாட்டுக்கு அது பொருந்தியிருக்கும். எனக்கு எண் போடும் வேலை எழுதும் நேரத்தைத் தின்றது. விட்டுவிட்டேன். அட்டைகளைப் பாயில் பரப்பி, எது எதன் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று பார்ப்பது போதுமானதாக இருக்கிறது. சாவி அட்டையின் பக்கத்தில் ஒரு நாள், பூட்டிய வீட்டு வாசலில் தினமும் பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போகும் பையனைப் பற்றிய அட்டை வந்து விழுந்தது. கதையின் இரண்டாம் பாதி அதுதான்.

இதெல்லாம் இருந்தும் கதையை முடிக்க வைப்பது அண்ணிதான், அதையும் சொல்ல வேண்டும். தொடங்கிய கதை எதுவென்று அவரிடம் சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை வந்தால் கேட்பார்: “ஏண்டி, அந்தச் சாவிக்காரி என்ன ஆனா?” இன்னும் எழுதலை அண்ணி என்றால் முகம் வாடிவிடும். எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அநேகமாக அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

குறைகள் உண்டு. கூட்ட நேரத்தில் மின்ரயிலில் மாம்பலம் வரும்வரை கையை அசைக்க முடியாது, நல்ல வாக்கியங்கள் பல அங்கேயே போய்விட்டன. அடுத்தவர் வாழ்க்கையைக் குறித்துக்கொள்கிறோமே என்ற உறுத்தலும் இருக்கிறது. அதனால் பெயரும் ஊரும் நோட்டில் எழுதுவதில்லை.

பெட்டியில் இப்போது 64 அட்டைகள். மேலே இருப்பதில், “மாடுகளுக்குப் பேர் இருந்துச்சே, என்னம்மா?” என்று நான் கேட்டதும், அம்மா பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்ததும் இருக்கிறது. அதை அண்ணியிடம் இந்த வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறேன்.